சேக்காளிக்கு வந்த எழுத்துப்பிழை

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. "கை பலமா இருக்குமாவே?" என்று கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றுவார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தால் உச்சந்தலையில் தொடங்கிக் குதிகாலில் முடிப்போம். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கவேண்டும். தொடையில் உள்ளங்கையை விரித்து உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தவேண்டும். கடைசியில் குப்புறப் படுக்கவைத்து முழங்கையால் ஒரு தடவை. பிறகு அந்த ஆள் எழுந்து, எண்ணெய் வழிய, அருவியைப் பார்த்து நடந்துவிடுவார்.

சாரல் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து ஆண்களின் உடம்பைத் தொடுவேன். மதுரைக்காரர், சென்னைக்காரர், மலையாளத்துக்காரர், போலீஸ்காரர், வாத்தியார். யார் உடம்பும் எனக்கு நினைவில் நின்றதில்லை. நான் பரோட்டாக் கடையிலும் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே மாவு எப்படியோ இங்கே முதுகு அப்படி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லோரும் சந்தேகப்பட்டது இந்த இடத்தில்தான்.

எனக்குச் சொந்த ஊர் கடையம் பக்கம் ஒரு கிராமம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. கணக்கு வரவில்லை, வாத்தியார் அடித்தார், நான் போகவில்லை. வயல் வேலை பார்த்தேன். இருபத்திரண்டு வயதில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று கேட்டார்கள். அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல் இல்லை. எனக்கு ஆண்கள் மேல்தான் மனம் போகிறது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதை ஒரு வாக்கியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்காத வாக்கியத்தை எப்படிச் சொல்வது?

அண்ணன் அப்போது போலீஸில் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. லீவில் வந்தவன் என்னை வரப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"ஒடம்புல எதும் கோளாறாலே? டாக்டர்ட்ட போவோமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பெறவு என்ன? எவளயும் மனசுல வச்சிருக்கியா?"

"இல்ல."

அவன் வரப்பில் கிடந்த மண்கட்டியைக் காலால் உதைத்தான். பிறகு, "நாளைக்கி எம் மவளுக்கு மாப்பிள பாக்க ஒருத்தன் வருவான். சித்தப்பா எதுக்குக் கல்யாணம் பண்ணலன்னு கேப்பான். நான் என்னலே சொல்லட்டும்?" என்றான்.

அவன் மகளுக்கு அப்போது இரண்டு வயது. வீட்டு முற்றத்தில் டவுசர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கேள்வியைப் பல ஊர்களில் பல வேலைகளுக்கு நடுவே யோசித்திருக்கிறேன். அண்ணன் என்னை வெறுக்கவில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவன் அவன்தான். இருபது வருடம் கழித்து வரப்போகிற, முகம் தெரியாத ஒரு ஆளின் கேள்விக்கு அவன் அன்றைக்கே பயந்தான். எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆகாவிட்டால் அது அவனோடு நிற்பதில்லை. தங்கைக்கு, அண்ணன் பிள்ளைக்கு, அத்தை பேத்திக்கு என்று வரன் கேட்டு வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கவேண்டும். பதில் இல்லாத ஆளை வீட்டுக்குள் வைத்திருப்பதைவிட வெளியே அனுப்பிவிடுவது எளிது. "அவன் வெளியூர்ல இருக்கான்" என்பது ஒரு நல்ல பதில். அந்தப் பதிலை நான் அவர்களுக்குக் கொடுத்தேன். அந்த மாதமே கிளம்பினேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி, கோட்டயத்தில் ஓட்டல், சூரத்தில் சாயப்பட்டறை, எர்ணாகுளத்தில் பெயிண்டிங். எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாண்டவில்லை. திருப்பூரில் ஒரு முறை நான்கு பேர் சேர்ந்து அடித்தார்கள். அவர்களில் ஒருவன் அதற்கு முந்தின வாரம்வரை என்னிடம் நன்றாகப் பழகியவன். தன்னைப் பற்றி யாரும் கேட்டுவிடக்கூடாது என்று அவன்தான் முதலில் கையை ஓங்கினான். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. சோடா குடித்தால் கூசும்.

எட்டு வருடம் சுற்றிவிட்டு ஒரு ஆனி மாதம் தென்காசியில் இறங்கினேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. அருவிக்குப் போகிற பாதையில் சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு பலகைகள் போட்டு எண்ணெய் தேய்ப்பார்கள். ஒருவருக்குக் கை சுளுக்கிக்கொண்டது என்று அவர் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். அவர் திரும்ப வரவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

அந்த வரிசைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முறை என்பார்கள். வருகிற ஆளைக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, கூவிக் கூப்பிடக்கூடாது. யாருடைய முறையோ அவர் பலகைக்கு அந்த ஆள் போகவேண்டும். வரிசையின் தலைப்பில் உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சிதான் முறை சொல்லுவார். பெரிய மீசை, சிறிய குரல். முறையில் இருக்கிறவன் வேலைக்காரன். முறையில் இல்லாதவன் வெறும் பலகை வைத்திருக்கிறவன்.

என்னை அந்த ஊரில் நிறுத்தியது வேலை இல்லை, ஒரு ஆள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பழக்கம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக்காரன், தாய் தகப்பன் இல்லை. சுரண்டையில் ஒரு பலசரக்குக் கடையில் பில் போடுகிற வேலை. பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவன், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அடுத்த வருடமே மேலகரம் பக்கம் ஒரு அறை எடுத்துச் சேர்ந்து தங்கினோம். பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஐப்பசி கார்த்திகையில் எனக்குக் கால் அரிக்க ஆரம்பிக்கும். எங்காவது இரண்டு மாதம் போய்விட்டு வருவேன். அவன் ஏன் என்று கேட்கமாட்டான். அரிசியை ஒரு ஆளுக்குக் குறைத்துப் போடுவான், நான் வந்ததும் கூட்டிப் போடுவான்.

ஊரில் அவனை என் சேக்காளி என்றார்கள். என்னை அவன் சேக்காளி என்றார்கள். எங்கள் பக்கத்தில் சேக்காளி என்றால் உற்ற கூட்டாளி, எப்போதும் கூடவே இருப்பவன். கூடப் படித்தவனும் சேக்காளிதான், கூடக் குடிக்கிறவனும் சேக்காளிதான். வீட்டுக்கார அக்கா மாடியிலிருந்து, "ஒம்ம சேக்காளி சாவியக் குடுத்துட்டுப் போயிருக்காரு" என்பார். டீக்கடையில், "என்ன, சேக்காளியக் காணும்?" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் எதையும் கேட்டதில்லை. தெரியாமல் கேட்காமல் இருந்தார்களா, தெரிந்துதான் கேட்காமல் இருந்தார்களா என்று நானும் ஆராயவில்லை. நன்றாக இருக்கிற கூரையில் ஏறி ஓட்டைத் தட்டிப் பார்ப்பதில்லை.

போன சீசனில் இரண்டு பையன்கள் குச்சியில் போனைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குற்றாலத்தைப் பற்றி வீடியோ எடுக்கிறார்களாம். பேச்சைப் பார்த்தால் மதுரைக்கு வடக்கே உள்ளவர்கள். என் பலகையில் ஒருவன் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டான், இன்னொருவன் எடுத்தான்.

"எத்தன வருஷமாண்ணா இந்த வேலை?"

"வருசம் பதிமூணு இருக்கும்."

"ஃபேமிலி எல்லாம் இங்கதானா?"

"ஃபேமிலி இல்ல தம்பி. நான் சேக்காளியோட இருக்கேன்."

"சூப்பர்ண்ணா" என்றான். எண்ணெயில் என்ன மூலிகை போடுகிறீர்கள் என்று கேட்டான். வாயில் வந்த நாலு மூலிகையைச் சொன்னேன்.

பத்து நாள் கழித்துச் சாயங்காலம் அறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சேக்காளி போனைப் பார்த்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"என்னலே?"

"நீ பேசுனதக் கீழ எழுத்தாப் போட்டிருக்கானுவ. படிக்கட்டா? 'ஃபேமிலி இல்லை தம்பி, நான் சேர்க்கையாளியோட இருக்கேன்.'"

"அப்படின்னா?"

"சேக்காளின்னா அவனுவளுக்குத் தெரியல. சேர்க்கையாளின்னு திருத்தி எழுதிட்டானுவ. கீழ ஒருத்தன் அதையும் திருத்தி, ஓரினச்சேர்க்கையாளர்னு இவ்வளவு வெளிப்படையாச் சொல்லுறதுக்கு ஒரு மனசு வேணும், வாழ்த்துகள்னு போட்டிருக்கான்."

நானும் சிரித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அந்நியன் எங்களுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறான், அதுவும் எழுத்துப்பிழையால். தொண்டையைத் திறந்து நான் சொல்லாததை அவர்கள் தப்பாக எழுதிச் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

சேக்காளி விரலால் தள்ளிக்கொண்டே போனான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"வேற என்ன போட்டிருக்கான்?"

"சவத்த விடு. ரசத்தப் பாரு."

"படிலே."

"'இவன் கையிலயா முதுகக் குடுக்குறது'ன்னு ஒருத்தன் கேட்டிருக்கான். அதுக்குக் கீழ நெறய இருக்கு."

நாலு நாளில் அது போன் போனாகச் சுற்றி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. பக்கத்துப் பலகைக்காரன்தான் தொடங்கினான். அவன் எதற்கும் கேலி பேசுகிறவன், நான் கோபப்பட்டதில்லை.

"என்னவே, சேர்க்கையாளி. தென்காசிப் பள்ளிக்கூடத்துல சேர்க்கை நடக்காம். எட்டாங் கிளாசுல விட்டத இப்பம் போய்ச் சேந்து படியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேலிதான், நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன்.

போகவில்லை. அடுத்த நாள் வரிசையில் மூத்த ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீரு வீட்டுல சேல கட்டுவீராவே?" என்று கேட்டார்.

"இல்ல பெரியவரே. கைலிதான்."

"பெறவு எப்படி?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். ஒரு ஆணுக்கு ஆணைப் பிடிக்கவேண்டுமென்றால் அவன் பாதி பெண்ணாக இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. என் மீசையையும் கைலியையும் பார்த்து அவருக்குக் குழப்பம். குழம்பிப்போன ஆள் கோபப்படுகிறவனைவிட மேல். ஆனால் கொஞ்ச நேரத்தில் குழப்பமும் கோபமாக மாறிவிடும். அதைத் திருப்பூரில் பார்த்திருக்கிறேன்.

பொதுவாக வைத்திருந்த எண்ணெய்த் தூக்குவாளியிலிருந்து எனக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் ஊற்றிவைத்தார்கள். பக்கத்துப் பலகை ஒரு முழம் தள்ளிப் போனது. லாட்ஜ் ஒன்றில் தங்கியவர்கள், "அந்த ஏழாவது பலக வேண்டாம்" என்று என் பலகையைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். யாரோ அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முறை எனக்கு வரும்போது ஆள் எனக்கு அடுத்த பலகைக்குப் போனான்.

இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். நான் எதிர்பார்க்காதது வேறு. என் கை கெட்டுப்போனது.

சுரண்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் பலகையில் உட்கார்ந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. முதுகில் கை வைத்தேன். சுவரோரத்தில் பத்துப் பேர் என் கையையே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. தோளிலிருந்து எவ்வளவு தூரம் இறக்கலாம், இடுப்பில் எங்கே நிறுத்தலாம், தொடையில் வைக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு விரலுக்கும் யோசித்தேன். பதிமூன்று வருடத்தில் ஒரு தடவைகூட யோசிக்காமல் செய்த வேலை. அழுத்தம் தானாகக் குறைந்துவிட்டது. அவர் பாதியில் திரும்பிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, சோறு திங்கலியா? கையில பலமே இல்லையே" என்றார். எனக்கு ஒருநாளும் தோன்றாத ஒரு நினைப்பை அவர்கள் என் கையில் வைத்துவிட்டார்கள், இனி அதை எடுத்துவிட்டு எப்படித் தேய்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே அண்ணன் போன் செய்தான். அப்பா இறந்தபோது பார்த்ததற்குப் பிறகு இரண்டு மூன்று தடவைதான் பேசியிருக்கிறோம்.

"வீடியோவ எடுக்கச் சொல்லு."

"நான் போடல. எப்படி எடுக்கச் சொல்ல?"

"பாப்பாவுக்கு மாப்பிள பேசிக்கிட்டு இருக்கோம்." குரலைத் தாழ்த்தினான். "எவனோ தப்பா எழுதிட்டான்னு நீயே ஒரு வீடியோவுல சொல்லிரு. ஒனக்கு ஒண்ணும் கொறஞ்சிறாது."

இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் அவன் பயந்த அந்த ஆள் கடைசியில் வந்தே விட்டான். பாப்பா எப்படி இருக்கிறாள், என்ன படித்தாள் என்று கேட்டேன். நர்ஸுக்குப் படித்திருக்கிறாள் என்றான். சந்தோசம் என்றேன். வைத்துவிட்டான்.

மறுநாள் முறை சொல்லுகிற அண்ணாச்சியும் அதையே வேறு மாதிரி சொன்னார். என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய், தானே டீ சொன்னார்.

"வெள்ளிக்கிழம காலைல எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். நீ வந்து, சேக்காளின்னுதான் சொன்னேன், அவனுவ எழுத்தத் தப்பாப் போட்டுட்டானுவன்னு ஒரு வார்த்த சொல்லு. அதோட முடிச்சிருதேன். பழையபடி முறைக்கு வந்திரலாம்."

"சட்டத்துல இப்பம் அது குத்தம் இல்லையாம் அண்ணாச்சி."

"சட்டம் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நமக்குச் சோலி நடக்கணும்லா. நாம தொட்டுப் பொழைக்கிற ஆளுவ."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு பொய்யும் சொல்லச் சொல்லவில்லை. சேக்காளி என்றுதான் சொன்னேன், அதைத் தப்பாகத்தான் எழுதினார்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் பலகை இருக்கும், முறை இருக்கும். சொல்லாவிட்டால் நாற்பத்துமூன்று வயதில் மறுபடி வேறு ஊர், வேறு வேலை. இந்தத் தடவை போனால் அரிசியைக் கூட்டிப் போட்டுக் காத்திருக்க ஆள் இருக்குமா என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சேக்காளியிடம் சொன்னேன். அவன் அன்று கடையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தான்.

"சொல்லிரு. இதுல என்ன யோசன?" என்றான்.

"பொய் இல்லைல்லா?"

"சேக்காளின்னு சொல்லுறது பொய் இல்ல. சேக்காளி மட்டுந்தான்னு சொல்லுறதுதான் பொய். ஒன்ன அவுக சேக்காளின்னு சொல்லத்தான் சொல்லுதாவ. சொல்லு."

பிறகுதான் அவன் விஷயத்தைச் சொன்னான். கடை முதலாளி வீடியோவைக் காட்டி, "இந்த ஆளு ஒன் ரூம்காரன்தான?" என்று கேட்டிருக்கிறார். இவன் "ஆமா" என்றிருக்கிறான். பில் போடுகிற இடத்திலிருந்து குடோனுக்கு மாற்றிவிட்டாராம்.

"எதுக்காம்?"

"பில் போடுற எடத்துல பொம்பளயாளு வருவாவளாம்."

"பொம்பளயாளுக்கு ஒன்னால என்ன பயம்?"

"அத நான் கேக்கல. கேட்டா மொதலாளிக்கி வெளக்கம் சொல்லணும்லா." சிரித்தான். ஆனால் அவன் வலது தோளைக் கையால் பிடித்துக்கொண்டுதான் சிரித்தான். மூட்டை தூக்கிப் பழக்கமில்லாத உடம்பு.

வெள்ளிக்கிழமை சாரல் நன்றாக அடித்தது. வரிசைக்காரர்கள் எல்லோரும் பூட்டிக்கிடந்த பழக்கடையின் தகரத்துக்குக் கீழே நின்றோம். அருவிச் சத்தத்தில் அண்ணாச்சியின் சிறிய குரல் கேட்கவில்லை என்று நெருங்கி நின்றார்கள். எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

"ஏலே, அந்தப் பயலுவகிட்ட நீ என்ன சொன்ன?"

"சேக்காளியோட இருக்கேன்னு சொன்னேன் அண்ணாச்சி."

"கேட்டியளா? சேக்காளி. நம்ம எல்லாருக்குந்தான் சேக்காளி இருக்கான். ஊரு பாச தெரியாத பயலுவ எழுத்தத் தப்பாப் போட்டுட்டானுவ. அப்படித்தானலே?"

"ஆமா அண்ணாச்சி. எழுத்து தப்பு."

"முடிஞ்சிது. போய்ச் சோலியப் பாருங்க."

உண்மையாகவே முடிந்துவிட்டது. இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போது பக்கத்துப் பலகைக்காரன் சொன்னான். கேலி இல்லாமல், கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான்.

"அப்பம் மத்தது ஒண்ணும் இல்லல்லா? அதையும் ஒரு வார்த்த வாயால சொல்லிரச் சொல்லுங்க அண்ணாச்சி. நாளைக்கி ஒருத்தன் கேட்டா நாங்க பதில் சொல்லணும்லா."

நாளைக்கு ஒருத்தன் கேட்டால். வரப்பில் நின்று அண்ணன் சொன்ன அதே வார்த்தை. நாளைக்கு யாரோ கேட்கப்போவதற்காக நான் ஒரு தடவை ஊரை விட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. இப்போது மற்றவர்கள் தப்புத்தப்பாக எழுதிய சொற்களாவது இருந்தன. நான் தைரியசாலி இல்லை. குடோனில் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"எழுத்து மட்டுந்தான் தப்பு" என்றேன்.

யாருக்கும் உடனே புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் புரிந்துகொள்வதைப் பார்க்க முடிந்தது. அண்ணாச்சி தன் துண்டை எடுத்து நான்காக மடித்தார், பிரித்து மறுபடி மடித்தார்.

"வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம்லாலே."

"கேட்டாவ அண்ணாச்சி."

"நான் அதக் கேக்கல" என்றார்.

அவர் கேட்கவில்லைதான். பன்னிரண்டு வருடமாக யாரும் கேட்காமல் இருந்ததில் அவரும் ஒருவர் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. இரண்டு நாள் என் முறை வரும்போது அண்ணாச்சி என்னைத் தாண்டி அடுத்த பலகையைச் சொன்னார். மூன்றாம் நாள் நேரில் வந்தார். "இனி முறையில சேக்கல. தப்பா நெனைக்காத. ஆளுவ கேக்க மாட்டேங்கானுவ. பலக ஒன்னோடதுதான், எடுத்துக்கோ." ஏழாவது இடம் அன்றைக்கே நிரம்பிவிட்டது. பக்கத்துப் பலகை ஒரு முழம் திரும்பி வந்தது.

மேலகரத்தில் அறை போகவில்லை. வீட்டுக்கார அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சேக்காளி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார். அதைச் சொல்ல அவருக்கு வாய் கூசியது போல. "அவரு வந்துட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்தார். எங்கள் ஊரில் பெண்கள் புருசனைத்தான் அப்படிச் சொல்லுவார்கள். சேக்காளி கதவைச் சாத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "பாத்தியா, அக்கா நம்மளக் கட்டி வச்சிட்டாவ" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அந்தப் பழைய சொல் போய்விட்டதே என்று வருத்தமாகவும் இருந்தது. நல்ல சொல் அது. இப்போது டீக்கடையிலும் யாரும் சொல்வதில்லை.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். பத்திரிகை வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பற்றிக் கேட்டார்களா, அண்ணன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை யாரும் கேட்கவே இல்லையோ என்று சில சமயம் தோன்றும்.

மறுபடி சாரல் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையை எடுத்துக்கொண்டு பழைய குற்றாலம் பக்கம் போனோம். அங்கே முறை இல்லை, அவரவர் இடம். வேங்கைப் பலகை, நல்ல கனம். ஒரு முனையைச் சேக்காளி தூக்கினான். "இடது தோள்ல வையி" என்றேன். "தெரியும், நடலே" என்றான். அருவிக்குக் கொஞ்சம் கீழே ஒரு மரத்தடியில் போட்டோம். அவன் சுரண்டை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். ஞாயிறும் குடோன் உண்டு.

முதலில் வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த வீடியோவுல வந்தது நீங்கதான?"

"ஆமா."

கொஞ்சம் யோசித்தார். கையில் எண்ணெயோடு நான் நின்றேன். அவர் சட்டையை மாட்டி, பொத்தான் ஒவ்வொன்றையும் போட்டு முடித்து, "பிறகு வாரேன்" என்று போனார். மரியாதையான ஆள்தான். பொத்தான் போடும்வரை காத்திருந்தேன்.

அரை மணி நேரம் யாரும் வரவில்லை. கையில் இருந்த எண்ணெயை என் முழங்காலிலேயே தேய்த்துக்கொண்டேன். பிறகு ஒரு தடித்த ஆள், துண்டும் ஈரமுமாக வந்து நின்றார். லாரி டிரைவர் போல இருந்தார். வீடியோ பார்த்தவரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"கை பலமா இருக்குமாவே?"

"உக்காருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

உட்கார்ந்தார். முதுகு அகலமாக, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. பார்க்க யாரும் இல்லை. பார்த்தாலும் புதிதாகத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒன்றும் இல்லை. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துக் கீழே இறக்கினேன்.

"யம்மா, பைய" என்றார் அவர். "பைய வே."